அண்ணல் 1943-இல் கேட்ட கேள்வி

சூரிய ஒளி மின்சாரத்துக்கு மானியம் என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு 1943 நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டு அக்டோபர் 25 அன்று, வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர், போருக்குப் பிந்தைய மறுசீரமைப்பில் மின்சாரத்தின் இடம் பற்றிப் பேசினார். மலிவான, தாராளமான மின்சாரம் இல்லாமல் தொழில் வளராது. தொழில் வளராமல் ஏழைக்கு மீட்சி இல்லை என்பது அவர் வாதம். மின்சாரம் அரசிடமா, தனியாரிடமா என்றும் அன்றே கேட்டார். அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது.

அந்தக் கேள்வி 2020-இல் நம் ஊருக்கு வந்தது. கொரோனாவுக்குப் பிந்தைய பொருளாதார மீட்பு என்ற பெயரில், யூனியன் பிரதேசங்களின் மின் விநியோகத்தைத் தனியார்மயமாக்குவதாக மே 16 அன்று ஒன்றிய அரசு அறிவித்தது. 2022 செப்டம்பரில் டெண்டர் வந்தது. மின்துறை ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

2024-இல் வந்த சூரிய வீடு திட்டம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. ஆனால் சொந்த மாடி வேண்டும். மீதிப் பணமும் வேண்டும். காலனித் தொகுப்பு வீட்டிலும் வாடகை அறையிலும் வாழும் நம் மக்களிடம் இரண்டும் எங்கே இருக்கிறது?

சமுதாயக் கூடங்களிலும் அரசுப் பள்ளி மாடிகளிலும் தகடுகளை அரசே பதிக்கட்டும். அந்த மின்சாரத்தைக் காலனி வீடுகளின் கணக்கில் கழிக்கட்டும். வெயில் எல்லோருக்கும் பொது. அதில் வரும் வெளிச்சமும் பொதுவாக வேண்டும் என்கிறோம்.