கிலோமீட்டர் ஏறலை... ஆனா இன்ஜின் ஆயில் மட்டும் ஏன் சீக்கிரம் கெட்டுப்போகுது?

ஆடி அமாவாசை, தை அமாவாசை வந்தால் ராமேஸ்வரத்தில் போலீஸ் ஜீப்பும் 108 ஆம்புலன்ஸும் கூட்டத்துக்கு நடுவே மணிக்கணக்கில் நிற்கும். ஏசி, வயர்லெஸ், சுழல் விளக்கு எல்லாம் ஓடணுமே, அதனால் இன்ஜின் ஆஃப் ஆகாது. கிலோமீட்டர் மட்டும் ஏறாது.

சிக்கல் இங்கதான். ஐட்லிங்கில் இன்ஜின் சரியாகச் சூடேறாது. எரியாத டீசல் ஆயிலில் கலந்து அதை நீர்க்க வைக்கும், கரியும் சேரும். அமெரிக்க போலீஸ் கார்களுக்கு ஃபோர்டு சொல்லும் கணக்குப்படி, ஒரு மணி நேர ஐட்லிங் சுமார் 53 கி.மீ. ஓட்டத்துக்குச் சமம். 4 மணி நேரம் நின்றால்? 200 கி.மீ.க்கு மேல்! (அது பெட்ரோல் கார் கணக்கு, ஆனா டீசலுக்கும் லாஜிக் அதேதான்.)

தனுஷ்கோடி பக்கம் மணல் வேறு. ஏர் ஃபில்டரைத் தாண்டி உள்ளே போனால் ஆயிலோடு சேர்ந்து பிஸ்டன் ரிங்கைத் தேய்த்துவிடும். தீவிலிருந்து ராமநாதபுரம் ஜிஹெச்சுக்கு ரோட்டில் போக பாம்பன் பாலம் மட்டும்தான் வழி. அங்கே ஆம்புலன்ஸ் நின்னுட்டா என்ன ஆகும்?

சரி, விலை கூடின ஆயில் ஊற்றினால் போதுமா? போதாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளில், புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இருக்கு. பழைய வண்டிக்கு வாங்கி வெச்ச ஆயிலையே இதிலும் ஊற்றினால், அதன் சாம்பல் ஃபில்டரை அடைக்கும். சாம்பல் குறைவான சிகே-4 மாதிரி, மேனுவல் சொல்லும் ரகம்தான் வேணும். லாக் புக்கில் கிலோமீட்டருக்குப் பக்கத்திலேயே இன்ஜின் ஓடின மணி நேரத்தையும் எழுதி வந்தால், ஆயில் எப்போ மாத்தணும்னு தெரிஞ்சிடும்.