படம் மீட்ட பெருமான்

கோயிலும் கல்வியும் ஒன்றையொன்று தாங்கி வளர்ந்த மண் புதுவை மண். மூலநாதப் பெருமான் எழுந்தருளியுள்ள வாகூரில் 9ஆம் நூற்றாண்டிலேயே வித்யாஸ்தானம் ஒன்று விளங்கிற்று. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனது 8ஆம் ஆட்சியாண்டில் அதற்கு மூன்று ஊர்கள் தானமாக அளிக்கப்பெற்றதை வாகூர்ச் செப்பேடு உரைக்கின்றது. கற்றோர் கூடி நூலாய்தல் இவ்வூர்களுக்குப் புதிதன்று. இக்காலத்தில் நூலகங்களில் அன்பர்கள் கூடி ஒரு நூலைப் படித்து அளவளாவுவதும் அம்மரபின் வழிவந்ததே எனலாம்.

அவ்வாறு கூடிப் படித்தற்குரிய மெய்வரலாறு ஒன்று உண்டு. எஸ். விஜயகுமார் ஆங்கிலத்தில் எழுதி 2018ஆம் ஆண்டில் வெளிவந்து, தமிழில் 'சிலைத் திருடன்' என்னும் பெயர் பெற்ற நூல் அதனைக் கூறுகின்றது.

அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் ஆலயம் சோழர் காலத்தது. அங்கு நித்திய பூசை நின்றது, கதவுகள் அடைபட்டன. 2006ஆம் ஆண்டில் கள்வர் உட்புகுந்து ஆடல்வல்லான் திருமேனியைக் கவர்ந்து சென்றனர். ஊரார் அதனை அறிந்திலர். பாதுகாப்புக் கருதித் திருமேனிகளை வேறிடம் கொண்டுசெல்லும் பொருட்டு 2008ஆம் ஆண்டில் கதவைத் திறந்தபோதுதான் களவு வெளிப்பட்டது. அதே ஆண்டில், பொய்யான உரிமைச் சான்றுகளுடன், நியூயார்க் வணிகர் ஒருவர் வாயிலாக அத்திருமேனி ஏறத்தாழ 50 இலட்சம் டாலருக்கு ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தைச் சென்றடைந்தது.

பெருமானை அடையாளங்காட்டியது எது? புதுச்சேரி செயின்ட் லூயி வீதியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஒரு நிழற்படம்! 1955ஆம் ஆண்டில் தோன்றிய அந்நிறுவனத்தார், அடுத்த ஆண்டு முதலே ஊர் ஊராகச் சென்று கோயில்களையும் திருமேனிகளையும் படமெடுத்துத் தொகுத்தனர். இன்று அத்தொகுதியில் 1,60,000 படங்களுக்கு மேல் உள்ளன. பழைய படத்தையும் கலைக்கூடத்துப் படத்தையும் ஒப்பிட்டபோது, இரண்டும் ஒரே திருமேனி என்பது ஐயமின்றிப் புலனாயிற்று. 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் புதுதில்லியில் அதனைத் திருப்பி அளித்தார். சிட்னி நகரக் கலைக்கூடத்திலிருந்த விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரர் திருவுருவமும் உடன் மீண்டது.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றே. பூட்டிய கதவு பெருமானைக் காக்கவில்லை. பதிவு மீட்டுத் தந்தது. எனினும் மீட்பதினும் காப்பதே மேல். நாள்தோறும் விளக்கேற்றி வழிபடுவோர் உள்ள சந்நிதியில் ஒரு திருமேனி மறைந்தால் மறுநாளே ஊர் அறியும்.

வில்லியனூர்த் திருக்காமீசர் ஆலயம் முதல் வாகூர் மூலநாதர் ஆலயம் வரை, சிற்றூர்க் கோயில்கள் யாவற்றுக்கும் இது பொருந்தும். விமானத்துக்குப் பொன் வேய்தலும் மதிலுக்குக் கல் அடுக்குதலும் திருப்பணி. ஒவ்வொரு திருமேனியின் படத்தையும் உயரத்தையும் பீடத்து எழுத்தையும் ஏட்டில் பதிந்து வைத்தலும் திருப்பணியே. குடமுழுக்குக் காணும் அன்பர்கள் இதனையும் தம் கைங்கரியமாகக் கொள்வாராக.