மேனோமீட்டரும் மனித வயிறும்



வைனு பாப்பு வானாய்வகம் இருக்கும் ஜவ்வாது மலைக் காவலூர்தான் எனக்குச் சொந்த ஊர். நட்சத்திரம் பார்க்க 2.34 மீட்டர் தொலைநோக்கி உண்டு. பெரிய வியாதி என்றால் மலையிறங்கித்தான் ஆகணும். சில ஆண்டுகளுக்கு முன் அப்பாவை அப்படித்தான் இறக்கிக்கொண்டு போனோம். கணைய அழற்சி. மூன்றாம் நாள் வயிறு பானை மாதிரி உப்பிவிட்டது. சிறுநீரும் குறைந்துபோச்சு.

ஐ.சி.யு.வில் ஒரு நர்சம்மா அப்பாவை மல்லாக்கப் படுக்கவைத்தார். சிறுநீர்க் குழாய் வழியாக 25 மில்லி சலைன் ஏற்றி, குழாயை நிமிர்த்திப் பிடித்து, மூச்சு வெளியேறி முடியும் நேரத்தில் நீர்மட்டத்தை அளந்தார். அட, இது நம்ம ஹைட்ராலிக்ஸ் லேப் மேனோமீட்டர் அல்லவா! அன்றிலிருந்து இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

வயிறும் ஒரு மூடிய பாத்திரம்தான். உள்ளே நீரும் வீக்கமும் கூடினால் அழுத்தம் ஏறும். சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையும்; நுரையீரல் விரிய இடமிருக்காது. 1876-இலேயே ஜெர்மனியின் வெண்ட், அழுத்தம் கூடினால் சிறுநீர் குறையும் என்று கண்டார். 1911-இல் அமெரிக்காவின் எமர்சன், இதயமும் தளரும் என்று விலங்குகளில் காட்டினார். ஆனால் நோயாளியின் கட்டிலருகே சுலபமாய் அளக்க வழி பரவவில்லை.

அந்த வழியை 1984-இல் வர்ஜீனியாவின் குரோன், ஹார்மன், நோலன் மூவரும் சிறுநீர்ப்பை மூலம் காட்டினார்கள். அறுவைக்குப் பின் அழுத்தம் ஏறிச் சிறுநீர் குறைந்தவர்கள் 11 பேர். அதில் 7 பேருக்கு வயிற்றை மறுபடி திறந்ததும் சிறுநீர் பெருகியது. திறக்காத 4 பேரும் இறந்துபோனார்கள். அதே ஆண்டு கொலம்பியாவின் பொகோட்டா நகரில் போர்ராயெஸ் என்ற இளம் மருத்துவர், மூட முடியாத வயிற்றின்மேல் பிளாஸ்டிக் சலைன் பையை வெட்டித் தைத்தார். அதுதான் பிற்பாடு உலகமெங்கும் ‘பொகோட்டா பை’ ஆனது.

2006-இல் வல்லுநர் குழு எல்லை வகுத்தது, 2013-இல் திருத்தியது. பாதரசக் கணக்கில் 12 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் நீடித்தால் உயர் அழுத்தம். 20-ஐத் தாண்டி, புதிதாய் ஓர் உறுப்பும் செயலிழந்தால் பேராபத்து. விரலால் அழுத்திப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது நம்பத்தக்கதல்ல. அளந்தே ஆகவேண்டும்.

அப்பாவுக்கு நீர்மட்டம் 30 சென்டிமீட்டர், பாதரசத்தில் 22. உடனே கத்தியை எடுக்கவில்லை. மூக்குக் குழாய் வழியே இரைப்பையைக் காலி செய்தார்கள். வலியை அடக்கி வயிற்றுத் தசையைத் தளர்த்தினார்கள். ஊசி போட்டு வயிற்று நீரை வடித்தார்கள். ஏற்றும் சலைனைக் குறைத்தார்கள். சில மணிக்கொரு தடவை அளந்தார்கள். இரண்டாம் நாள் 14. சிறுநீர் இறங்கியது. இதற்கும் சரிவராவிட்டால்தான் வயிற்றைத் திறப்பதாம். இன்று அப்பா சாமைக் கொல்லையில் களை எடுக்கிறார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் அந்த நர்சம்மா அளவுகோலின் ஜீரோவை, இடுப்பெலும்பின் மேட்டில், அக்குளிலிருந்து நேர்கீழே வரும் கோட்டில் வைத்துச் சரிபார்த்த பிறகே அளந்தார். நம் லேபில் பக்கத்து நண்பனின் ரீடிங்கைப் பார்த்து எழுதி மார்க் வாங்கியவன் நான். தம்பி தங்கைகளே, நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அந்த ரீடிங் ஒருநாள் உங்கள் அப்பாவுடையதாக இருக்கலாம்.