கலகப் பாதிரிகளின் கைகள்

பாதிரிமார்களைச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்த பழைய படங்களில் நான் முதலில் பார்ப்பது முகத்தை இல்லை, கையை. கை எங்கே இருக்கு, எதைப் பிடிச்சிருக்கு என்பதில்தான் படத்தைச் செய்யச் சொன்னவனின் அரசியல் கிடக்கிறது.

1520இல் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் லூக்காஸ் கிரானாக், மார்ட்டின் லூதரை இரண்டு தடவை செதுக்கினார். முதல் படத்தில் கையே கிடையாது. மழித்த உச்சந்தலை, ஒட்டிய கன்னம், துறவி அங்கி, எவனுக்கும் பணியாத பார்வை. அப்போது இது அதிகம் வெளியே வரவில்லை. கிரானாக் சாக்சனி மன்னரின் அரண்மனை ஓவியர். மறுவருஷம் வோர்ம்ஸ் நகரில் பேரரசன் முன்னால் நிற்கப்போகிற ஆளை இப்படி முறைப்போடு காட்டுவது அரண்மனைக்கு ஒத்துவரவில்லை என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இரண்டாவது படத்தில் சாந்தம் வந்துவிட்டது. புனிதர்களை வைக்கிற மாடத்துக்குள் நிற்கிறார். ஒரு கையில் திறந்த பைபிள். இன்னொரு கை மார்புக்கு நேரே, பொறுமையாக விளக்கம் சொல்கிற மாதிரி. கலகக்காரனுக்குக் கை கொடுத்தே சாதுவாக்கிவிட்டார்கள். 1521இல் ஹான்ஸ் பால்டுங் இதை மரக்கட்டையில் வெட்டி, ஒளிவட்டமும் புறாவும் வேறு சேர்த்தார். ஜனங்கள் லூதர் படத்தை வாங்கி முத்தமிடுறாங்க என்று போப்பின் தூதர் அலெயாண்டர் புலம்பி எழுதினார்.

சரி, தாமஸ் முன்ட்சரின் கை எங்கே? அவரும் பாதிரிதான். 1525 கிளர்ச்சியில் விவசாயிகள் பக்கம் நின்றவர். லூதரோ அவர்களை வெட்டிச் சாய்க்கச் சொல்லிப் பிரபுக்களுக்கு எழுதினார். மே 15, ஃபிராங்கன்ஹவுசனில் படுகொலை. மே 27, சித்திரவதைப்பட்ட முன்ட்சரின் தலை உருண்டது.

அவர் உயிரோடு இருந்தபோது வரைந்தது என்று நம்பத்தக்க படம் ஒண்ணுகூட இல்லை. இன்று நாம் காணும் முகம், எண்பது வருஷத்துக்குப் பிறகு கிறிஸ்டோஃபெல் வான் சிக்கெம் மதத்துரோகிகளின் வரிசைக்காகச் செதுக்கியது. கையில் புத்தகம்தான் இருக்கிறது. லூதர் பிடித்தால் வேதம். முன்ட்சர் பிடித்தால் குற்றத்துக்குச் சாட்சி. நம்ம பாட்டன் பூட்டன் முகங்களும் எட்கர் தர்ஸ்டனின் 1909ஆம் வருஷத்துத் தொகுதிகளில் ஆள்பெயர் இல்லாமல், சாதிப்பெயருக்கு மேலேதானே நிற்கின்றன?

கிழக்கு ஜெர்மன் அரசு முன்ட்சரைத் தன் முன்னோடி என்று கொண்டாடியது. 1975 என்று தேதியிட்ட ஐந்து மார்க் நோட்டில் அவரை அச்சடித்தது. அதற்கும் எதிரி செதுக்கிய முகத்தையே நம்ப வேண்டியிருந்தது. 1990இல் அந்த நோட்டும் செல்லாமல் போனது.