சேத்: தீய தெய்வமாக்கப்பட்ட வரலாறு

பண்டைய எகிப்தியத் தொன்மத்தில் சேத், உடன்பிறந்த ஒசைரிசைக் கொன்றவன். எனினும் அவன் தொடக்கத்தில் முற்றிலும் தீயவனாகக் கருதப்படவில்லை. சூரியக் கடவுளான ரேயின் படகு முகப்பில் நின்று, அபோபிஸ் என்னும் பெரும்பாம்பை ஈட்டியால் குத்தியவனும் அவனே. பாலைநிலமும் அயல்நாடுகளும் அவனுக்குரியவை. கி.மு. 13ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் சேதி என்னும் மன்னரின் பெயர் இத்தெய்வத்தின் பெயரிலிருந்தே அமைந்தது. பின்னர் கி.மு. 671இல் அசீரியரும் கி.மு. 525இல் பாரசீகரும் எகிப்தின்மீது படையெடுத்து வென்றனர். அயலார்மீது எழுந்த வெறுப்பு அயல்நிலத் தெய்வத்தின்மீதும் படிந்தது. அவன் உருவங்கள் சிதைக்கப்பட்டன. தாலமி மரபினர் எழுப்பிய எட்ஃபு கோயிற் சுவர்களில் ஹோரசின் ஈட்டிக்கு இரையாகும் நீர்யானையாக அவன் காட்டப்படுகிறான். கொலைக்கதை பழையது, முழுத்தீமை என்னும் அடையாளம் பிற்கால அரசியற் சூழலில் உருவானது. எனவே, 'தீய தெய்வம்' என்னும் வகைப்பாட்டைக் கால அடைவில் வைத்து ஆராய்தல் இன்றியமையாதது.