அறுபட்ட மூக்கும் ஒட்டிய மூக்கும்

எங்க பெரிய முதலியார்சாவடியில் ஒருவன் அவமானப்பட்டால் 'மூக்கறுபட்டுப் போனான்' என்பார்கள். மூக்கு இருந்த இடத்தில்தான் இருக்கும், போனது முகம். சூர்ப்பணகை தொட்டு நமக்குப் பழகிய தண்டனை இது: உயிரை விட்டுவிடு, ஊர் பார்க்கிற உடம்பைச் சிதை. தன் உடல்மீதான அதிருப்தி உள்ளுக்குள் தானாக முளைப்பதல்ல. பிறர் பார்வை எழுதுவது.

1792 மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டிய கவாஸ்ஜி, திப்புவின் ஆட்களிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். புனே அருகே செங்கல் செய்யும் சாதிக்காரர் ஒருவர் நெற்றித்தோலை இறக்கி அவருக்கு மூக்கு வைத்தார். 1794 அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' இதைப் படத்தோடு வெளியிட்டது. 1814இல் ஜோசப் கார்ப்யூ லண்டனில் இம்முறையைச் செய்து பார்த்தார், 1816இல் நூலாக்கினார். கவாஸ்ஜிக்குப் பெயர் உண்டு, கார்ப்யூவுக்கும் உண்டு. மூக்கு வைத்த கைக்குப் பெயரில்லை. சுஸ்ருதரைக் கொண்டாடும் நம் பெருமிதக் கதையாடலும் அந்தக் கையைத் தேடுவதில்லை.

1940களின் இறுதியில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். குணமானவர்கள் திரும்பி வந்து சொன்ன குறை விசித்திரமானது: இந்தக் கையைப் பார்த்து யாரும் பிச்சை போடுவதில்லை, முகத்தைப் பார்த்து யாரும் வேலையும் தருவதில்லை. அமிழ்ந்த மூக்கும் உதிர்ந்த புருவமும் நோயை இன்னும் அறிவித்துக்கொண்டிருந்தன. எனவே மூக்கு நிமிர்த்தப்பட்டது. தலைமுடியுள்ள தோல் புருவமாயிற்று. மருத்துவர் ஊரின் கண்ணை மாற்றவில்லை. அந்தக் கண்ணைத் தாண்டிப் போக வழி செய்தார். 'சமூகம் மாறட்டும், அதுவரை பொறு' என்று அவர்களிடம் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கு?

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகுச் சிகிச்சை இலவசம் என அறிவிக்கப்பட்டது. ஏழைக்கு மட்டும் அழகு கூடாதா, கடன் வாங்கியா செய்துகொள்ள வேண்டும் என்பது அமைச்சரின் வாதம். உயிர் காக்கும் சிகிச்சைக்கல்லவா பணம் போகணும் என்பது எதிர்வாதம். 'ஏழைக்கு எதுக்குடா அழகு' என்ற ஏளனம் வர்க்கத் திமிர், அதை ஏற்கமாட்டேன். ஆனால் தோள்வலிக்காகக் கத்தி வைப்பது ஒன்று. 'போதாது' என்று யாரோ விதித்த அளவுக்காக வைப்பது வேறு. இரண்டாவதில் அரசே அந்த அளவுகோலுக்கு முத்திரை குத்துகிறது. 'உனக்குக் குறை என்று சொன்னது யார்?' என்று கேட்பதுதான் அங்கே மருத்துவரின் முதல் வேலை.

மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் பெண்ணின் வெடித்த பாதம் எந்த அழகுக் கணக்கிலும் வருவதில்லை. அதை யாரும் பார்ப்பதேயில்லை. பார்க்கப்படாத உடம்புக்கு அதிருப்திப்படும் உரிமைகூட இல்லை போலும்.