குற்றமில்லாதோரின் பதிவேடு

1993இல் லண்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் வெள்ளையர் கும்பலால் குத்திக் கொல்லப்பட்டார். அவ்வழக்கின் புலனாய்வில் நேர்ந்த சீர்கேடுகளை ஆராய்ந்த மேக்பர்சன் அறிக்கை 1999இல் வெளிவந்தது. குற்றமாகாத இனவெறி நிகழ்வுகளையும் காவலர் பதிவுசெய்ய வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. எளியோரின் முறையீட்டைக் காவல்துறை காதில் வாங்காததால் பிறந்த ஏற்பாடு இது.

2014இல் வெளியான காவல்துறை வழிகாட்டுதலில் திருநர் மீதான வெறுப்பும் இடம்பெற்றது. இணையத்தில் அவர்கள்மீது பொழியப்படும் வசைகளை அறிந்த நாம் அதன் தேவையை மறுப்பதற்கில்லை.

ஆயினும் 2019 ஜனவரியில் நடந்தது வேறு. பிறப்பில் அமைந்த பாலை மாற்றவியலாது எனக் கருதும் ஹாரி மில்லரின் ட்விட்டர் பதிவுகள்மீது புகார் எழுந்தது. ஹம்பர்சைடு காவலர் ஒருவர் அவரது பணியிடத்திற்கே தேடிச் சென்றார்; பின்னர் தொலைபேசியில் பேசினார். குற்றமில்லை என்று ஒப்புக்கொண்ட காவல்துறை, தொடர்ந்தால் வழக்காகலாம் என்றும் எச்சரித்தது.

மில்லரின் பதிவுகளிற் சில கொச்சையானவை. ஆனால் சட்டத்துக்கு உட்பட்டவை. 2020 பிப்ரவரியில் உயர்நீதிமன்றம் காவல்துறையின் செயலைச் சட்டவிரோதம் என்றது. 2021 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வழிகாட்டுதலே கருத்துரிமையில் முறையின்றித் தலையிடுவதாகத் தீர்ப்பளித்தது.

மிரட்டலையும் மாற்றுக்கருத்தையும் ஒரே ஏட்டில் எழுதினால், கருத்துரைப்போர் அஞ்சுவர். மெய்யாகவே மிரட்டப்படும் திருநரின் புகாரும் எடையிழக்கும். இரு தரப்பும் இழப்பதையே இவ்வரலாற்றில் நாம் காண்கிறோம்.